மாங்கனி இறைக்க ஒரு மாடி

எல்லாவற்றையும் நான் முன்கூட்டியே சொன்னேன். கட்டடக் கலைஞர் ஹபீப் முகம்மது அவர்கள் கடல் கடந்து போவார் என்று சொன்னேன், போனார். திரும்பி வந்து காரைக்கால் கடைத்தெருவில் ஊரே அண்ணாந்து பார்க்கிற மாதிரி ஒரு கட்டடம் எழுப்புவார் என்று சொன்னேன், எழுப்பினார். அவர் உலகத்தைவிட்டுப் போகிற அன்றைக்கு யாரும் கேட்டுக்கொள்ளாமலே கடைகள் ஷட்டரைப் பாதி இறக்கும் என்றும் சொல்லியிருந்தேன். போன வெள்ளிக்கிழமை அதுவும் நடந்தது. தலத்தெரு பக்கிரிசாமியின் வாக்கு பலிக்கும் என்று இந்த ஊரில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டதே நான்தான் என்று சிலர் சொல்வார்கள். சொல்லட்டும்.

செய்தி வந்தபோது திருநள்ளாறு சாலையில் ஒரு வீட்டு வேலைக்கு ஜல்லி இறக்கிக்கொண்டிருந்தேன். மணலும் ஜல்லியும் செங்கலும் சப்ளை செய்வது என் தொழில். போனில் ஹபீபின் மனைவி மைமூன்.

"பக்கிரி அண்ணே…"

"சொல்லு தங்கச்சி."

"உங்க மாப்பிள்ளை மவுத்தாயிட்டாங்கண்ணே. விடியக்காலம் சுபுஹு தொழுதுட்டுப் படுத்தாங்க. டீ போட்டுட்டு எழுப்பறேன், எந்திரிக்கல."

லாரிக்காரன் கீழே நின்று, "மாமா, இன்னும் பாதி லோடு இருக்கு, எங்க கொட்டறது?" என்று கத்தினான். எங்கே வேண்டுமானாலும் கொட்டு என்று கையைக் காட்டிவிட்டு வண்டியை எடுத்தேன். அவன் அந்த வீட்டு வாசல் கதவை மறித்துக் கொட்டிவிட்டான் என்பது மறுநாள்தான் தெரிந்தது. என் பழைய மோட்டார் சைக்கிள் அன்றைக்குப் போன வேகத்தில் ரயில்கூடப் போயிருக்காது.

கட்டடத்துக் கடைக்காரர்களும் குடியிருப்பவர்களும் சேர்ந்து கொண்டுவரும் இந்த நினைவு மலருக்கு, படித்தவர்கள் பலர் இருக்க, என்னை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். எட்டாம் வகுப்பை மூன்று வருடம் படித்தவன் நான். ஒரே பாடத்தை மூன்று கோணத்தில் பார்த்தவன் இந்த மாவட்டத்தில் வேறு யாரும் இருக்க முடியாது. ஆகவே பொறுப்பை ஏற்றுக்கொண்டேன்.

அவரை நேரில் அறியாதவர்களுக்காக ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். ஹபீபின் வாப்பா, சாமி ஊர்வலம் வரும் தெருவில் துணிக்கடை வைத்திருந்தார். கீழே கடை, மேலே வீடு. இளவட்ட வயதில் நான் அந்தக் கடைக்குத் தள்ளுவண்டியில் பேல் பேலாகத் துணிமூட்டை இறக்கியவன். ஒரே தோளில் மூன்று பேலைத் தூக்குவேன். நம்பாதவர்கள் என் தோளை வந்து பார்க்கலாம், இன்னும் சாய்வாகத்தான் இருக்கிறது. அப்போதிருந்தே ஹபீப் என்னை மாமா என்றும், நான் அவரை மாப்பிள்ளை என்றும் கூப்பிட்டுப் பழக்கம்.

காரைக்கால் அம்மையாரின் மாங்கனித் திருவிழா அன்று அந்த மாடி அவர்கள் வீடாகவே இருக்காது. வேண்டுதல் நிறைவேறியவர்கள் பை நிறைய மாம்பழத்தோடு வருவார்கள். முன்பின் தெரியாதவர்கள், விழிதியூரிலிருந்தும் அதற்கப்பாலிருந்தும் வந்தவர்கள், நேராகப் படியேறிப் போய் முன்பக்கத் திறந்த மாடியில் நின்றுகொள்வார்கள். ஊர்வலமாக வரும் பிச்சாண்டவர் சாமி வாசலுக்கு வந்ததும் மேலிருந்து பழத்தை இறைப்பார்கள். கீழே கூட்டம் கையை நீட்டிப் பிடிக்கும். ஹபீபின் உம்மா முதல் நாளே பாயைச் சுருட்டி வைத்துவிட்டு, தவலை நிறைய நன்னாரி சர்பத் கலக்கி வைப்பார்கள். "வாங்க, வாங்க, பாத்து ஏறுங்க, மூணாம் படி ஆடும்" என்பதுதான் அன்று முழுக்க அந்த வீட்டில் கேட்கும் குரல். தெருவில் எல்லா மாடியும் அப்படித்தான். யாரும் யாரிடமும் அனுமதி கேட்டதில்லை.

பிற்காலத்தில் ஹபீப் சென்னையில் கட்டடக்கலை படித்து முடித்து, அங்கிருந்து துபாய்க்குப் போனார். பல வருடம். விடுமுறையில் ஒருமுறை வந்தபோது, டீக்கடையில் இருந்தவர்களிடம் அவரை நான் அறிமுகம் செய்தேன்.

"மேகத்த முட்டுதே, அந்தக் கட்டடம், படத்துல பாத்திருப்பீங்க. அதுல பாதி நம்ம மாப்பிள்ளை வரைஞ்சது."

ஹபீப் டீயை வைத்துவிட்டு, "மாமா, அதுல நான் கக்கூஸ் மட்டும்தான் வரைஞ்சேன்" என்றார்.

"எத்தனை மாடிக்கு?"

"எல்லா மாடிக்கும்தான்."

"கக்கூஸ் இல்லாம அத்தனை மாடியில எவன் குடியிருப்பான்? அப்ப முழுக் கட்டடமும் உங்களுதுதான். பாதின்னு நான்தான் கொறைச்சுச் சொல்லிட்டேன்."

டீக்கடையே சிரித்தது. அவரும் சிரித்தார். ஆனால் வீட்டுக்கு நடக்கும்போது சொன்ன வார்த்தையை நான் மறக்கவில்லை. "இவ்வளவு வருஷத்துல நான் வரைஞ்ச ஒரு வாசப்படிகூட எங்கயும் இல்ல மாமா. யாரோ வரைஞ்ச வாசலுக்கு உள்ள கக்கூஸ், யாரோ வரைஞ்ச கட்டடத்துக்கு அடியில கார் நிறுத்தற இடம். ஒண்ணே ஒண்ணு, முழுசா என் கையால, நம்ம ஊர்ல கட்டிட்டாப் போதும்."

அந்த ஒன்றுதான் இந்தக் கட்டடம்.

ஹபீப் வீடு இருந்த அதே தெருவில் தனசேகர் தம்பிக்கு அவருடைய அப்பாவின் அரிசி மண்டி இருந்தது. ஓடு சரிந்து, எலி குடியிருந்த இடம். அதை இடித்துவிட்டுப் பெரிதாகக் கட்டவேண்டும் என்று அவர் சொன்னதும், ஹபீபைக் கொண்டுபோய் உட்கார வைத்தவன் நான். அதற்காக ஹபீப் துபாய் வேலையை உதறிவிட்டு வந்தார். மைமூனுக்குப் பயம். "இது கைவிட்டுப் போச்சுன்னா இங்க வேற யாரு இவங்களைக் கூப்பிடுவாங்க?" என்று என்னிடம் கேட்டது. நியாயமான பயம். நம் ஊரில் வீடு கட்டுகிறவர்கள் எஞ்சினியரிடம் முகப்புக்கு ஒரு டிசைன் கேட்பார்கள், அதற்குமேல் போகமாட்டார்கள்.

கீழே கடைகள், முதல் மாடியில் டாக்டரும் டியூஷன் சென்டரும் தையற்கடையும், அதற்கு மேலே இரண்டு மாடி வீடுகள். இதற்கு இங்கிலீஷில் மிக்ஸட் யூஸ் என்று பெயராம். நான் வாயைப் பிளந்தபோது ஹபீப் சொன்னார்: "கீழ கடை, மேல வீடு, மாமா. நம்ம தெருவே அப்படித்தானே இருந்துச்சு. இப்ப அதுக்குப் பேர் வச்சு நமக்கே திருப்பி விக்கிறாங்க."

அந்தக் கட்டடத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் உண்டு. வீடுகளின் பின்பக்கம், ஒவ்வொரு மாடியிலும் காற்றோட்டமாக ஒரு இடம், ஒரு குழாய், ஒரு கருங்கல் பலகை. மீன் கழுவ. "சமையக்கட்டுக்குள்ள மீன் கழுவச் சொன்னா நம்ம ஊர்ப் பொம்பளைங்க ஃப்ளாட்டே வேணாம்னுடுவாங்க" என்றார். கருக்களாச்சேரியிலிருந்து வருகிற மீன்காரம்மா ஏறுவதற்குப் பின்படி. படி திரும்புகிற இடத்தில் தலை உயரத்துக்கு ஒரு திண்டு. யாரும் கைகொடுக்காமலே கூடையை இறக்கி வைக்கலாம், அப்படியே தலையில் ஏற்றிக்கொள்ளலாம். திண்டின் உயரத்துக்காக அந்த அம்மாவைக் கூடையோடு நிற்கவைத்து அளந்தார். "எனக்கு அளவெடுக்கிறீங்களே பாய், ஜாக்கெட்டா தைக்கப் போறீங்க?" என்று அந்த அம்மா கேட்டதில் சித்தாள் முதல் மேஸ்திரி வரை வேலையை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள்.

சண்டை வந்தது முகப்பில். தனசேகருக்கு முகப்பு முழுக்கக் கண்ணாடி வேண்டும். ஹபீப் வரைந்திருந்ததோ, முதல் மாடியில் தெருவைப் பார்த்து, கட்டடத்தின் நீளத்துக்கும் ஒரு திறந்த வராந்தா. நடைபாதையிலிருந்து நேராக அதற்கு அகலமான படி. படிக்குக் கேட் கிடையாது. அன்றைக்கு, இடிக்காமல் ஓரமாக விட்டிருந்த மண்டியின் பழைய ஆபீஸ் அறையில் நானும் உடன் இருந்தேன்.

"பாய், கேட்டே இல்லாம விட்டா கண்டவனும் ஏறி வருவான்."

"வரட்டும்னுதான் தம்பி விட்டிருக்கு."

"வந்து?"

"டாக்டருக்குக் காத்திருக்கிறவங்க உக்காருவாங்க. டியூஷன் விட்டு வர்ற புள்ளைய கூட்டிட்டுப் போக வர்றவங்க நிப்பாங்க. மழைக்கு ஒதுங்குவாங்க. திருவிழா அன்னைக்கு நேந்துக்கிட்டவங்க பழம் இறைப்பாங்க."

"ஒருநாள் கூத்துக்கு வருஷம் முழுக்க அவ்வளவு இடத்தைச் சும்மா போட முடியுமா? கண்ணாடி போட்டு அடைச்சா அதுவும் கடையாயிடும்ல?"

"நம்ம தெருவுல பழைய மாடி எத்தனை மிச்சம் இருக்குன்னு பாருங்க தம்பி. புதுசா வந்ததெல்லாம் மூடின மூஞ்சி. எல்லாரும் அடைச்சுட்டா, புள்ள பொறந்தா பழம் இறைக்கிறேன்னு வேண்டிக்கிட்டவ எங்க போய் நிப்பா? கரண்ட் கம்பத்துலயா?"

தனசேகர் என்னைப் பார்த்தார். "மாமா, நீங்க சொல்லுங்க. சிங்கப்பூர்ல எல்லாம் கண்ணாடிதானே?"

நான் சிங்கப்பூர் போனதில்லை. ஆனாலும், "சிங்கப்பூர்லயே இப்ப கண்ணாடிய கழட்டிக்கிட்டு இருக்காங்க தம்பி" என்றேன். அந்த நேரத்தில் அதுதான் வாயில் வந்தது.

தனசேகர் எழுந்துவிட்டார். "கண்ணாடி இல்லன்னா நான் சென்னையிலேருந்து ஆள் கொண்டாரேன், பாய். தப்பா நெனைக்காதீங்க."

ஹபீப் குரலை உயர்த்தவில்லை. "கொண்டாங்க தம்பி. இடம் உங்களுது. ஆனா கண்ணாடி போட்டா அதுல என் பேரு மட்டும் வேணாம்." அவர் ஆயுசு முழுக்க ஆசைப்பட்ட ஒரே கட்டடத்திலிருந்து தன் பெயரை எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தார். வெளியே வந்ததும் செருப்பை மாட்டக் கால் துழாவியது, அது கிடந்த இடம் அவருக்குத் தெரியவில்லை. குனிந்து நான் எடுத்துப் போட்டேன்.

முகப்பு முடிவாகாமலே வேலை நடந்து, முதல் மாடித் தளம் மட்டும் போட்டிருந்த நிலையில் திருவிழா வந்தது. கடை புக்கிங்குக்கு வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று, முகப்பின் ஒரு பக்கத்தில் மாதிரிக்கு நீலக் கண்ணாடி மாட்டி வைத்திருந்தார் தனசேகர். அது ஆகாயத்தைவிட நீலம். அன்று காலை நடந்ததை ஊர் இன்றும் பேசுகிறது. பை பையாக மாம்பழத்தோடு வந்த சனம், பாதிக் கட்டடம் என்றும் பார்க்கவில்லை, சிமெண்ட் மூட்டை என்றும் பார்க்கவில்லை. தெருவைப் பார்த்து ஒரு மாடி திறந்து கிடக்கிறது, ஏற ஒரு படி இருக்கிறது, அது போதும். ஏறிவிட்டார்கள். வாட்ச்மேன் கம்பைக் குறுக்கே நீட்டி, "யாரைக் கேட்டு ஏறுறீங்க?" என்றார். ஒரு பெரியம்மா, "சாமிய கேட்டு" என்று சொல்லிக் கம்புக்கு அடியில் குனிந்து போய்விட்டார்.

இப்படி நடக்கும் என்று ஹபீபுக்குத் தெரிந்திருக்கிறது. முதல் நாளே ஆள் வைத்து, தளத்தின் விளிம்பு முழுக்கச் சவுக்குக் கம்பை நட்டு, இடுப்பு உயரத்துக்குக் குறுக்குக் கம்பு கட்டி இறுக்கியிருந்தார். நான்கூட, "எதுக்கு மாப்பிள்ளை வீண் வேலை?" என்று கேட்டேன். "நீங்க பேசாம அந்தக் கயித்த இழுத்துப் புடிங்க மாமா" என்றார். மறுநாள் அந்தத் தளத்தில் நின்ற கூட்டத்தின் பாரத்தில் கம்பு வளைந்ததே தவிர ஒன்றுகூட விடவில்லை.

பிச்சாண்டவர் வந்தார். மழை மாதிரி மாம்பழம். எதிர் மாடியிலிருந்து வீசியதெல்லாம் மாதிரிக் கண்ணாடியில் அடித்துப் பிளந்து, சாறு வழிந்து, நீலம் மஞ்சளாயிற்று. அதைப் பார்த்துக்கொண்டே தனசேகர் கோபமாகப் படியேறி வந்தார். "இது என்ன சத்திரமா?" என்று ஹபீபிடம் கையை நீட்டிக் கேட்டார். நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது, எங்கிருந்தோ வந்த ஒரு மாம்பழம் அந்த உள்ளங்கையில் வந்து பொத்தென்று உட்கார்ந்தது. நசுங்கவில்லை. கீறல்கூட இல்லை. தனசேகர் அதைப் பார்த்தார், சாமியைப் பார்த்தார். கண் கலங்கி, "திறந்தே இருக்கட்டும் பாய்" என்றார்.

இன்று கட்டடம் எப்படி இருக்கிறது என்று நான் சொல்லவேண்டியதில்லை, இதைப் படிக்கிறவர்களில் பாதிப்பேர் அதில்தான் இருக்கிறீர்கள். பழைய ஆட்கள் பிரெஞ்சில் மேரி என்று சொல்லும் நகராட்சி அலுவலகத்துக்கு வருகிறவர்கள்கூட வெயிலுக்கு நம் வராந்தாவில்தான் வந்து உட்காருகிறார்கள். மயிலாடுதுறையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் கட்டடக்காரர்கள் வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். பாரிசிலிருந்தும் ஒருவர் வந்தார். வந்தவர் நம் ஊரிலிருந்து அங்கே போய்க் குடியேறியவர்தான், என்றாலும் பாரிஸ் பாரிஸ்தான்.

கடைசியாக அவரைப் பார்த்தது, அவர் போவதற்கு முந்தின வாரம். உடம்பு இளைத்திருந்தது, பேச்சு இளைக்கவில்லை. "வராந்தாவுல ஒருத்தன் விளம்பரத் தட்டி கட்டியிருக்கான் மாமா. தெருவே தெரியல. எடுக்கச் சொல்லுங்க." அன்றே போய் எடுக்க வைத்தேன். போனில் சொன்னதும், "கத்திச் சொன்னீங்களா, நயமாவா?" என்று கேட்டார். "நயமாத்தான்" என்றேன். "அப்ப கத்தித்தான்" என்று சிரித்தார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு அவரைச் சந்தூக்குப் பெட்டியில் வைத்துத் தூக்கினோம். நானும் தோள் கொடுத்தேன். கடைத்தெரு வழியாகப் போனபோது வராந்தாவில் இருந்தவர்கள் எல்லாரும் எழுந்து கைப்பிடிச் சுவரோரமாக வந்து நின்றார்கள். டாக்டரிடம் வந்த நோயாளிகள், தையற்கடைப் பெண்கள், நாடா கழுத்தில் தொங்க டெய்லர். அந்த நீளம் முழுக்கத் தலைகள்.

அடக்கம் முடிந்து வீட்டுக்குத் திரும்பியபோது மைமூன் உள்ளறைக் கதவோரம் நின்று என்னைக் கூப்பிட்டது.

"அண்ணே, வந்தவங்க எல்லாரும் அந்த மாம்பழக் கதையத்தான் சொல்லிட்டுப் போறாங்க. மாம்பழம் வந்து விழுந்துச்சாம், கட்டடம் கிடைச்சுச்சாம். அப்ப இவங்க என்ன செஞ்சாங்க?"

அந்தக் கதையை இத்தனை வருடமாக ஊருக்குச் சொல்லி வந்தவன் நான். ஹபீப் இருந்தபோது எதிரிலேயே சொல்லியிருக்கிறேன். "நல்லா இருக்கு மாமா, ஆனா அந்த மாம்பழத்துக்கு இன்னும் நாம ஃபீஸ் கொடுக்கலியே" என்பார், அவ்வளவுதான். தங்கச்சி கேட்ட கேள்விக்கான பதிலை இங்கே எழுதுகிறேன்.

திருவிழா அன்று தனசேகர் ஊரிலேயே இல்லை. சென்னையில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். திரும்பி வந்து கண்ணாடியைப் பார்த்து, "கழுவி விடுங்க" என்றார், முடிந்தது. அதற்குப் பிறகுதான் ஹபீப் ஆரம்பித்தார். ஒவ்வொரு வாரமும் ஒரு புது வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு அந்த ஆபீஸுக்குப் போனார். மேற்கு பார்த்த முகப்பில் சித்திரை வெயில் எதுவரை உள்ளே வரும் என்று வரைந்து காட்டினார். வராந்தா நிழல் விழுந்தால் அந்த வெயில் எங்கே நிற்கும் என்று காட்டினார். லிஃப்டைப் பின்னால் தள்ளினார். கடைகளுக்குத் தலைக்கு மேலே பரண் வைத்து, சரக்கு அறைகளை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கூடுதலாக ஒரு கடையை உண்டாக்கினார். தனசேகர் மறுக்க ஒவ்வொரு காரணமாகச் சொன்னார், மறுவாரம் அந்தக் காரணம் வரைபடத்தில் இருக்காது. மழைக்காலம் வந்து, போய், பொங்கலும் கழிந்தது. ஒருநாள் தனசேகர் கடைசித் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இனிமே நான் கேக்க ஒண்ணும் இல்ல பாய். நீங்க வரைஞ்ச மாதிரியே கட்டுங்க" என்றார். நானும் அங்கே உட்கார்ந்திருந்தேன், பாதித் தூக்கத்தில். இதை டீக்கடையில் சொன்னால் யார் கேட்பார்கள்? அதனால் மாம்பழத்தை நான் போட்டேன்.

மற்றபடி இதில் எழுதியதெல்லாம் சத்தியம், மூன்று பேல் உட்பட. போய் வாருங்கள் மாப்பிள்ளை. தனசேகர் கையில் மாம்பழம் விழவே இல்லை. நீங்கள் வரைந்தீர்கள், அவர் ஒப்புக்கொண்டார்.